அபராத ஆடு

வெருலத்தில் என் பட்டி.
கரும்பு அழித்த சரிவில் இருபத்தாறு ஆடு,
தகரக் கூரை, உப்புக்கட்டி, ஒரு கணக்கு நோட்டு.
ஆடி வந்தால் கூழ் ஊற்றுகிறவர்கள் வாங்குவார்கள்.
ஜூலு வீட்டார் கல்யாணத்துக்கும் சாவுக்கும்.
கென்யாக்காரர் கதோகோ மட்டும்
குற்றத்துக்கு வாங்குவார்.

உம்லாங்காவில் ஒரு மாலுக்கு இரவுக் காவல்.
வேலை முடிந்த கையோடு ஞாயிறு விடியலில் வருவார்,
சட்டையில் கம்பெனிப் பெயர், கண்ணில் மிச்சத் தூக்கம்.
வயது ஐம்பத்தொன்று. தலை முழுக்கக் கறுப்பு.
நரையே இல்லாமல் என்ன பெரியவர் நீங்கள்
என்று முதல் தடவை கேட்டுவிட்டேன்.
“எங்களில் நரையை எண்ணுவதில்லை, மாமா.
கியாமாவுக்குக் கொடுத்த ஆட்டை எண்ணுவோம்.”
(அவர்கள் பேச்சில் மாமா என்றால் அம்மா.
திரும்பிப் பார்க்கப் பழக எனக்கு ஆறு மாதம்.)

ஒரே நிறம் வேண்டும். காது கிழிந்திருக்கக் கூடாது.
கொம்பு, குளம்பு, கண்ணின் ஓரம், எல்லாம் பார்ப்பார்.
எங்கள் கோயில் பூசாரியும் இதையேதான் பார்க்கிறார்,
ஆனால் பேரம் பேசுவதில்லை.
கதோகோ இருநூறு ராண்டுக்காக
அரைமணி நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நோட்டில் இருக்கிறது:
மார்ச், முடிவெட்டுகிறவன், மனைவியை அறைந்தது, கறுப்பு.
மே, டாக்ஸி ஓட்டுகிறவன்,
பிணம் ஊருக்கு அனுப்பச் சேர்த்த பணத்தில்
டயர் மாற்றியது, வெள்ளை.
தொழிலைச் சொல்வார். பெயரைச் சொன்னதில்லை.

ஒரு தடவை பிக்கப்பில் நானே கொண்டுபோய் இறக்கினேன்.
கார் கழுவும் இடத்துக்குப் பின்னால் ஓர் அத்திமரம்,
அவர்களுக்கு அது முகுமோ.
பிளாஸ்டிக் நாற்காலிகள். செங்கல்மேல் சாய்த்த போன்,
அதற்குள் கேப்டவுனிலிருந்து இரண்டு பேர்,
நியேரியிலிருந்து ஒரு கிழவர், நெற்றி மட்டும்.
கதோகோ எழுந்ததும் அந்த நெற்றியும் நிமிர்ந்தது.
கையில் கோல். வார்விக் சந்தையில் வாங்கியது,
விலைச்சீட்டின் பசை போகவில்லை.
அவர் பேசியது எனக்குப் புரியவில்லை.
எல்லோரையும்விடக் குறைவாகப் பேசினார் என்பது புரிந்தது.

போன வாரம் பேரமே இல்லை.
நேராகப் போய்ப் பெரிய செங்கிடாவின் முதுகில் கைவைத்தார்.
ஆடிக்கென்று ஒதுக்கியது. சொன்னேன். கையை எடுக்கவில்லை.
“யார் குற்றம்?” பேனா மூடியைத் திறந்தேன்.
“இரவுக் காவல்காரன்.”

நர்ஸ் வங்கெச்சி கடன் கொடுத்தேன் என்றாளாம்.
இவர் தங்கை மகன் வாங்கவேயில்லை என்றானாம்.
ரத்தம் பேசியதை இவர் நம்பினார்,
அவளையே மன்னிப்புக் கேட்க வைத்தார், மரத்தடியில்,
போனில் இருந்தவர்களும் பார்க்க.
மூன்று மாதம் கழித்து
அவள் வங்கிச் சீட்டைக் காவல் கூண்டின் ஜன்னலில்
செருகிவிட்டுப் போயிருக்கிறாள்.
யாரிடமும் காட்டவில்லை. இவரிடமும் பேசவில்லை.
மடித்துச் சட்டைப் பையில் போட்டிருந்தால்
அங்கேயே முடிந்திருக்கும்.

“உங்களுக்கு யார் தீர்ப்புச் சொல்வது?”
“வங்கெச்சி. நாற்காலியில் அவள். நான் நிற்பேன்.”
பெண் உட்காரும் வழக்கம் உண்டா என்றேன்.
“நியேரிக் கிழவர் போனை வைத்துவிட்டார்” என்றார்,
சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.

ஏற்றும்போது தூறல்.
கிடா தலையிலிருந்து வால்வரை ஒரு தடவை உதறியது.
எங்களில் அதற்கு அர்த்தம் உண்டு.
கயிறு கட்டுகிறவரிடம் அதையெல்லாம் சொல்லவில்லை.

பணம் எண்ணினேன். நாற்பது ராண்டு குறைந்தது.
பரவாயில்லை என்றேன். கேட்கவில்லை.
“கடன் என்று எழுதுங்கள். பெயரையும் போடுங்கள்.”
எப்படி எழுதுவது என்று கேட்டேன்.
மழையில் நின்று
எழுத்து எழுத்தாகச் சொன்னார்.